பெட்டிக்கு வாய் மட்டும் போதுமா?

கொழும்பு புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெருவிலோ, சென்னை ரிச்சி தெருவிலோ ஓர் ஒலிச்சாதனக் கடைக்குள் சற்று நேரம் நின்று பாருங்கள். வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "எத்தனை வாட்ஸ்?" என்பது முதலாவது. "சப்வூபர் இருக்கிறதா?" என்பது இரண்டாவது. கடைக்காரரும் குறிப்பறிந்தவர். அடித்தொனி அதிரும் ஒரு பாடலைப் போட்டு, கண்ணாடி அலுமாரி நடுங்கும்வரை ஒலியைக் கூட்டிக் காட்டுவார். வாங்க வந்தவர் திருப்தியுடன் பணத்தை எண்ணிக் கொடுப்பார். அந்தப் பொதியின் அடியில், ஒரு சிறு பிளாஸ்டிக் உறைக்குள், ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் ஒரு மெல்லிய பட்டை வயரும், சதுரமான ஒரு சிறு வளையமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அவை அன்டெனாக்கள். அவற்றைப் பற்றி வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்ததும் அந்த உறை ரெஜிபோம் துண்டுகளோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஒலிபெருக்கிகள் இரண்டும் அலங்காரப் பொருட்களைப் போல அலுமாரியின் மேல் ஏறிவிடுகின்றன. சப்வூபர் சோபாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பின்னர் சில வாரங்களில், "செய்தி வாசிப்பது ஒன்றும் விளங்கவில்லை, வானொலி ஒரே இரைச்சல்" என்று வீட்டிலுள்ள பெரியவர் முறையிடுகிறார். "உங்கள் காதில்தான் குறை அப்பா" என்று பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். பல வீடுகளில் குறை அப்பாவின் காதில் இல்லை, பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது.

ஒலிபெருக்கி ஒரு பெட்டியின் வாய் என்றால் அன்டெனா அதன் செவி. கேட்காத செவியோடு பேசும் வாய் எதைப் பேசும்? வாய்க்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டுச் செவியைக் குப்பையில் போடுகிறோம். யானையை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கிய கதைதான் இது. இதனை வெறும் தொழில்நுட்ப விடயம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு வீட்டில் யாருடைய குரல் தெளிவாகக் கேட்க வேண்டும், எது முதன்மை பெற வேண்டும் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

வாட்ஸ் எனும் மாயை

முதலில் அந்த வாட்ஸ் கணக்கைப் பார்ப்போம். பொதியின் முகப்பில் "1000 வாட்ஸ்", "3000 வாட்ஸ்" என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதன் அருகில் மிகச் சிறிய எழுத்தில் "பி.எம்.பி.ஓ." என்றிருக்கும். இவ்வளவுக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம் எதுவும் கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்தில், கற்பனையான ஒரு நிலையில், அத்தனை ஒலிபெருக்கிகளையும் கூட்டிப் பெறும் ஓர் எண் அது. உண்மையை அறியப் பெட்டியைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தாலே போதும். அது மின்சார இணைப்பிலிருந்து எத்தனை வாட்ஸ் எடுக்கும் என்று அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். மின்செருகியால் 60 வாட்ஸ் எடுக்கும் பெட்டி, தொடர்ச்சியாக 1000 வாட்ஸ் ஒலி வலுவைத் தருவது எப்படிச் சாத்தியம்? உள்ளே போகாதது வெளியே வராது என்பது பாடசாலை விஞ்ஞானம்.

நாம் கேட்க வேண்டியது "ஆர்.எம்.எஸ்." எனப்படும் தொடர்வலுவின் அளவு. ஒரு சாதாரண வரவேற்பறைக்கு ஒவ்வொரு பக்கமும் 20 அல்லது 30 வாட்ஸ் உண்மையான வலு இருந்தால் தாராளம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, வீட்டு அம்பிளிபயர்களின் வலுவை எப்படி அளந்து எப்படி அறிவிக்க வேண்டும் என்பதற்கு 1974ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துவிட்டது. நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. பொதியின் முகப்பில் பெரிய எழுத்தில் போட வேண்டிய எண் தொடர்வலுவே என்று விதிப்பது அதற்குக் கடினமான காரியமல்ல. அரிசியின் நிறையில் ஏமாற்றினால் குரல் கொடுக்கும் நாம், வாட்ஸ் கணக்கில் ஏமாற்றும்போது கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

செவியை முதலில் பொருத்துங்கள்

என் கருத்துப்படி, ஸ்டீரியோவை வீட்டில் பொருத்தும்போது முதலில் தொட வேண்டியது அன்டெனாவைத்தான். பண்பலை ஒலிபரப்பு ஏறத்தாழ 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான மீடிறனில், அதாவது அதிர்வெண்ணில், நடைபெறுகிறது. 100 மெகாஹேர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 3 மீற்றர். அதில் பாதி, அதாவது ஒன்றரை மீற்றர், ஓர் அன்டெனாவுக்கு மிகப் பொருத்தமான நீளம். 'டி' வடிவ வயரின் இரு கைகளையும் விரித்து அளந்தால் அது கிட்டத்தட்ட அந்த நீளத்தில்தான் இருக்கும். ஆகவே அதைச் சுருட்டியபடி பெட்டியின் பின்னால் தொங்கவிடுவதில் பயனில்லை. கைகள் இரண்டையும் முழுமையாக விரித்து, இயன்றளவு உயரத்தில், ஜன்னலுக்கு அருகே சுவரில் பொருத்த வேண்டும். ஒலிபரப்புக் கோபுரம் எந்தத் திசையில் உள்ளதோ, அந்தத் திசைக்கு நெஞ்சைக் காட்டி நிற்பவர் கைகளை அகல விரித்திருப்பது போல அது அமைய வேண்டும். கைகளின் நுனி கோபுரத்தை நோக்கினால் வரவேற்பு குறைந்துவிடும். சில நிலையங்கள் செங்குத்தாக அலைகளை அனுப்புவதால், கிடையாக வைத்துத் திருப்தியில்லையென்றால் செங்குத்தாக வைத்தும் பார்க்கலாம்.

பெட்டியின் பின்னால் உள்ள அன்டெனா வாயில் இரண்டு வகைப்படும். வட்டமான ஒற்றைத் துளை என்றால் அது 75 ஓம் வகை. தொலைக்காட்சி அன்டெனாவுக்குப் பயன்படும் உருண்டைக் கேபிள் அதற்குப் பொருந்தும். இரண்டு திருகாணிகளோ கவ்விகளோ இருந்தால் அது 300 ஓம் பட்டை வயருக்கானது. ஒன்றை மற்றொன்றுக்குப் பொருத்த "பேலன்" எனப்படும் சிறு இணைப்பி கிடைக்கிறது. விலை மிகக் குறைவு. மத்திய அலைக்கு வேறு கதை. அந்த அலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீற்றர் என்பதால், அதற்குச் சதுர வளையத்தைத் தந்திருக்கிறார்கள். அதன் இரு முனைகளையும் ஏ.எம். என்று குறித்த இடத்தில் செருகி, வளையத்தை மெல்லத் திருப்பினால் ஒரு நிலையில் இரைச்சல் தணிந்து குரல் எழும். தொலைக்காட்சி, கணினி, கைத்தொலைபேசி மின்னேற்றி, மலிவான எல்.ஈ.டி. விளக்கு ஆகியவற்றின் அருகில் அதை வைக்காதீர்கள். இன்றைய வீடுகளில் மத்திய அலையைக் கொல்வது தூரத்தைவிட இவைதான்.

இன்னுமொரு விடயம். பண்பலையை ஸ்டீரியோவாகக் கேட்பதற்கு, மோனோவாகக் கேட்பதைவிடப் பன்மடங்கு வலுவான அலை தேவை. தூரத்து நிலையமொன்று 'உஸ்' என்ற இரைச்சலோடு வந்தால், பெட்டியில் மோனோ என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள். அதை அழுத்திய மாத்திரத்தில் இரைச்சலின் பெரும்பகுதி அடங்கிவிடும். செய்தி வாசிப்பவருக்கு ஒரு வாய்தானே. அவரை இரு பக்கமாகக் கேட்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

கூரையின் மேல் அன்டெனா வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இலங்கையில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் இடியும் மின்னலும் அதிகம். கூரை அன்டெனாவின் கம்பத்தை முறைப்படி நிலத்தொடுப்புச் செய்ய வேண்டும். வானம் கறுக்கத் தொடங்கும்போதே அன்டெனா வயரையும் மின்செருகியையும் கழற்றிவிட வேண்டும். இடி முழங்கத் தொடங்கிய பின்னர் அதில் கை வைக்கக் கூடாது.

இரண்டு வயர்களின் ஒழுங்கு

அடுத்ததாக ஒலிபெருக்கிகள். மின்சாரத்தை முற்றாக நிறுத்திய பின்னரே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். அம்பிளிபயரிலும் ஒலிபெருக்கியிலும் சிவப்பு, கறுப்பு என இரண்டு முனைகள் உள்ளன. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இவ்வளவுதான் விதி. ஆனால் இவ்வளவு எளிய விதிதான் வீடுகளில் மிக அதிகமாக மீறப்படுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் வயர்கள் மாறிவிட்டால் எதுவும் எரியாது, புகையாது; ஒலியும் வரும். அதனால் எவருக்கும் சந்தேகம் எழுவதில்லை. உண்மையில் ஓர் ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றையது பின்னே இழுத்துக்கொண்டிருக்கும். ஒன்று கொடுக்கும் அடித்தொனியை மற்றொன்று விழுங்கும். நடுவில் நிற்க வேண்டிய குரல் இடமின்றி அலையும்.

ஸ்டீரியோ என்பதன் முழுப் பொருளே அந்த நடுவில்தான் இருக்கிறது. 1931ஆம் ஆண்டில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் அலன் புளூம்லைன் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைச் செவிகள் இரண்டும் சேர்ந்து உணர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இரு ஒலிபெருக்கிகளுக்கு இடையிலுள்ள தூரமும், அவற்றிலிருந்து நீங்கள் அமரும் இடத்துக்குள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். இப்போது ஒரு செய்தி வாசிப்பைக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில், வெற்றிடத்திலிருந்து ஒருவர் பேசுவது போல இருக்க வேண்டும். குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லையென்றால், ஒரு பக்கத்து வயர்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். வயரில் எது எது என்று அடையாளம் தெரியாதபோது, அதை அம்பிளிபயரிலிருந்து கழற்றி, சாதாரண 1.5 வோல்ட் பற்றறியின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுக்கலாம். பெரிய கூம்பு வெளியே தள்ளினால், பற்றறியின் நேர்முனையைத் தொட்ட வயரே சிவப்புக்குரியது.

வயரின் தடிப்பும் முக்கியமானது. அழைப்பு மணிக்குப் போடும் 0.5 சதுர மில்லிமீற்றர் வயரை 10 மீற்றர் தூரத்துக்கு இழுத்தால், போய்வரும் வழியிலேயே ஏறத்தாழ 0.7 ஓம் தடை சேர்ந்துவிடும். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இது சிறிதல்ல. அதே தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்றால் 0.23 ஓம் மட்டுமே. இதற்கு மேல் பொன்முலாம், விசேட உலோகம் என்று மீற்றர் கணக்கில் பெருந்தொகை கேட்கும் கேபிள்களால் காதுக்குக் கிடைப்பது எதுவுமில்லை. முனைகளை வெட்டும்போது ஒரு மெல்லிய இழைகூட அடுத்த முனையைத் தொடாதபடி முறுக்கிச் செருகுங்கள். ஓர் இழை போதும் அம்பிளிபயரை எரிப்பதற்கு. அத்தோடு, ஒரே முனையில் இரண்டு சோடி ஒலிபெருக்கிகளை மாட்டும் ஆசையும் வேண்டாம். 8 ஓம் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். "6 முதல் 16 ஓம்" என்று பின்புறத்தில் எழுதியுள்ள பெட்டி அதைத் தாங்காமல் சூடேறும்.

சப்வூபர்: வேலைக்காரனா, எசமானனா?

இனி சப்வூபருக்கு வருவோம். அதற்கு நான் எதிரியல்லன். நன்கு பொருத்தப்பட்ட சப்வூபர் ஒரு நல்ல வேலைக்காரன். அது இருப்பதே தெரியாது. எடுத்துவிட்டால்தான் ஏதோ குறைகிறது என்று தோன்றும். நம் வீடுகளிலோ அது எசமானனாகிவிட்டது.

ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் பாடகரின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 130 ஹேர்ட்ஸ். அவர் மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு இறங்கினாலும் அது 98 ஹேர்ட்ஸ் அளவில் நின்றுவிடும். ஆண்களின் பேச்சுக் குரலின் அடிப்படை மீடிறன் பொதுவாக 85 ஹேர்ட்சுக்கு மேல். பெண்களுடையது 165 ஹேர்ட்சுக்கு மேல். சப்வூபரின் எல்லையாகப் பலரும் பரிந்துரைக்கும் அளவோ 80 ஹேர்ட்ஸ். அதாவது, மனிதக் குரலுக்குச் சப்வூபரிடம் அநேகமாக வேலையே இல்லை. அந்த எல்லையை 150, 200 என்று ஏற்றிவிட்டு ஒலியையும் கூட்டிவிட்டால், செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும்.

பேச்சை விளங்கவைப்பது எது? "கடை, சடை, தடை, படை" என்ற நான்கு சொற்களையும் சொல்லிப் பாருங்கள். உயிரொலிகள் நான்கிலும் ஒன்றே. முதலில் வரும் மெய்யொலி ஒன்றுதான் பொருளைப் பிரிக்கிறது. குரலின் பலம் தாழ்ந்த மீடிறன்களில் இருந்தாலும், இந்த மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் 2000 ஹேர்ட்ஸ் அளவிலும் அதற்கு மேலும் இருக்கிறது. 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரை மட்டுமே கடத்திய பழைய தொலைபேசியில் நாம் வாழ்நாள் முழுவதும் பேசி விளங்கிக்கொண்டோம் என்பதே இதற்குச் சான்று. வயது ஏறும்போது செவி முதலில் இழப்பது உயர் மீடிறன்களைத்தான். பலமான தாழ்ந்த ஒலி, தனக்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளை மூடிமறைக்கும் இயல்புடையது. ஏற்கெனவே மெய்யொலிகளை இழந்துகொண்டிருக்கும் ஒரு முதியவரின் முன்னால் சப்வூபரை முழக்கினால், எஞ்சியிருப்பதையும் அவரிடமிருந்து பறிக்கிறோம். "தடை நீங்கியது" என்பதா "படை நீங்கியது" என்பதா என்று அவர் திணறுகிறார். நாமோ அவருடைய செவியைக் குறை சொல்கிறோம்.

ஆகவே சப்வூபரைக் கடைசியாக இணையுங்கள். அம்பிளிபயரில் "சப் அவுட்" என்ற வாயில் இருந்தால், அங்கிருந்து ஓர் ஆர்.சி.ஏ. கேபிள் மின்னூட்டமுள்ள சப்வூபருக்குப் போனால் போதும். அந்த வாயில் இல்லாத பழைய பெட்டியென்றால், ஒலிபெருக்கி வயரையே ஏற்கும் முனைகள் பல சப்வூபர்களில் உள்ளன. எல்லையை 80 ஹேர்ட்ஸ் அளவில் வையுங்கள். "பேஸ்" என்ற ஆளியை 0, 180 என இரு பக்கமும் தட்டிப் பார்த்து, அடித்தொனி நிறைவாகக் கேட்கும் பக்கத்தில் விடுங்கள். சுவர் மூலையில் வைத்தால் முழக்கம் கூடும். சற்று விலக்கினால் தெளிவு கூடும். சப்வூபர் கேட்கிறதே என்று உணரும் அளவுக்குக் கூட்டி, பின்னர் அந்த உணர்வு மறையும்வரை சற்றுக் குறைத்து விடுங்கள். தொடர்மாடி வீடுகளில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். உயர்ந்த ஒலியைச் சுவர் தடுக்கும். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டி அயல்வீட்டுக் குழந்தையின் தொட்டில் வரை போகும்.

இணைத்ததும் 'ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால், அது நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். பல சாதனங்கள் வெவ்வேறு இடங்களில் நிலத்தொடுப்புப் பெறுவதால் வருவது. எல்லாவற்றையும் ஒரே மின்வாயிலிலிருந்து எடுத்தால் அநேகமாக அடங்கிவிடும். மூன்று முனைச் செருகியின் நில முனையை வெட்டிவிட்டு ரீங்காரத்தைப் போக்கும் "கைவைத்தியம்" ஒன்று நம்மவர்களிடம் உண்டு. ரீங்காரம் போகும், என்றாவது ஒருநாள் உயிரும் போகலாம். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

யாருக்கு இந்த வானொலி?

"இந்தக் காலத்தில் யார் வானொலி கேட்கிறார்கள்? எல்லாம் தொலைபேசியிலேயே வருகிறதே" என்று இளையவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நானும் தொலைபேசியில் கேட்கிறேன். ஆனால் தொலைபேசிக்குப் பின்னால் ஒரு கோபுரமும், அதற்கு மின்சாரமும், கட்டிய பணமும், கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கும் ஒருவரும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஒருசேர அறுந்தன. அத்தகைய வேளைகளில் தூரத்துக் கோபுரம் ஒன்றிலிருந்து வரும் அலையைப் பிடிக்கத் தேவைப்படுவது ஒரு துண்டு வயரும் பற்றறியில் இயங்கும் ஒரு சிறு பெட்டியும்தான். வீட்டு ஸ்டீரியோ மின்சாரமின்றி இயங்காது என்பது உண்மையே. எனினும் எந்த ஜன்னலில், எந்தத் திசையில் அன்டெனாவை வைத்தால் எந்த நிலையம் வரும் என்பதை ஸ்டீரியோவில் பழகியிருக்கும் குடும்பம், அவசர வேளையில் சிறு பெட்டியை வைத்துக்கொண்டு தடுமாறாது.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கிய வானொலி ஒலிபரப்பு நூறாண்டைத் தாண்டிவிட்டது. அதன் தமிழ்ச் சேவையை மத்திய அலையில் கேட்பதற்காகத் தமிழ்நாட்டின் கரையோரக் கிராமங்களிலும் நகரங்களிலும் கூரைக்குக் கூரை கம்பி கட்டிய காலம் ஒன்றிருந்தது. எஸ்.பி.மயில்வாகனனின் குரலும், கே.எஸ்.ராஜாவின் வேகமும், பி.எச்.அப்துல் ஹமீதின் உச்சரிப்பும் சப்வூபர் எதுவுமின்றி, நாலங்குல ஒலிபெருக்கிகள் வழியே கடல் கடந்து போயின. சிற்றலை வானொலிகளைக் கேட்டுச் செய்தி எழுதிய நாட்களில், பத்திரிகை அலுவலகங்களில் அன்டெனாக் கம்பிக்கிருந்த மரியாதை ஆசிரியரின் நாற்காலிக்குச் சற்றுத்தான் குறைவு. காகம் அமர்ந்து கம்பி தளர்ந்துவிட்டால் அன்றைய வெளிநாட்டுச் செய்தி பாதியாகிவிடும்.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, டைனமோவில் வந்த சிறு மின்சாரத்தில் தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்டது ஒரு முழுத் தலைமுறை. ஒருவர் சுற்ற, பத்துப் பேர் கேட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது முழக்கமல்ல, ஒரு சொல். 1941ஆம் ஆண்டு தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலிச் சேவை 2017ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டுவிட்டது. அன்று சக்கரம் சுற்றியவர்களில் பலர் இன்று ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் ரொறொன்ரோவிலும் தாத்தாக்களாக, பாட்டிகளாக இருக்கிறார்கள்.

புலம்பெயர் நாடுகளில் சிக்கல் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. நோர்வே 2017ஆம் ஆண்டு தேசிய ஒலிபரப்புகளைப் பண்பலையிலிருந்து அகற்றி டி.ஏ.பி. எனும் எண்ணியல் முறைக்கு மாற்றிவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31ஆம் திகதியுடன் பண்பலையை நிறுத்திவிட்டது. பழைய ஸ்டீரியோவை வைத்திருக்கும் முதியவர் பொத்தானை அழுத்தினால் வெறும் இரைச்சல். பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணி மூலையில் போட்டுவிடுகிறார். அவருடைய பெட்டியில் பழுது எதுவுமில்லை. டி.ஏ.பி. இணைப்பி ஒன்றை வாங்கி, அதே ஸ்டீரியோவின் "ஒக்ஸ்" வாயிலில் ஒரு கேபிளால் இணைத்தால் வானொலி மீண்டும் பேசும். டி.ஏ.பி. அலைகள் 174 முதல் 240 மெகாஹேர்ட்ஸ் வரையில் பெரும்பாலும் செங்குத்தாக வருவதால், அதன் அன்டெனாவைச் செங்குத்தாக, ஜன்னலருகே வைக்க வேண்டும். பேரப்பிள்ளைக்கு அரைமணி நேர வேலை.

தமிழில் ஒரு தாள்

இந்த இடத்தில் உற்பத்தியாளர்களிடமும் இறக்குமதியாளர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. பெட்டியோடு வரும் கையேட்டில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் என்று பல மொழிகளைக் காண்கிறோம். தமிழைக் காண்பது அரிது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இலங்கையில் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் கிளிநொச்சியில் ஸ்டீரியோ வாங்கும் ஒருவர், சிவப்பு வயரை எங்கே செருகுவது என்பதை அறியப் படம் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. "நில முனையை வெட்டாதீர்கள்", "மின்னலின்போது அன்டெனாவைத் தொடாதீர்கள்" போன்ற உயிர் காக்கும் வாசகங்களாவது அவருடைய மொழியில் இருக்க வேண்டாமா? விற்பவர்கள் மனம் வைத்தால் ஒரே ஒரு தாளில், இரண்டு படங்களோடு, இதை அச்சிட்டுக் கொடுக்கலாம். அச்சுச் செலவு ஒரு தேநீரின் விலைகூட ஆகாது.

நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, கடைக்காரர் அதிரும் பாடலைப் போடுமுன், "ஒரு செய்தி வாசிப்பைப் போடுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். தொடர்வலு எவ்வளவு என்று கேளுங்கள். அன்டெனா உறை பொதிக்குள் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஸ்டீரியோ வைத்திருப்பவர்களிடம் நான் வேண்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலை. மின்சாரத்தை நிறுத்திப் பெட்டியைத் திருப்புங்கள். அன்டெனாவை விரித்து உயர்த்துங்கள். சிவப்பையும் கறுப்பையும் சரிபாருங்கள். சப்வூபரின் எல்லையை இறக்குங்கள். பின்னர் வீட்டிலுள்ள மூத்தவரை நடுவில் அமர்த்தி, ஒரு செய்தியறிக்கையைக் கேட்கச் செய்து, சொற்கள் விளங்குகின்றனவா என்று அவரிடமே கேளுங்கள். அவர் தலையசைக்கும்வரை வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள்.